மொறுமொறுப்பு போகாமல் ஸ்டீக் சீஸ் லோடட் ஃப்ரைஸ்: வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக நான் இதைச் செய்த அன்று உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று இருந்தது, கறி மெத்தென்று வெந்திருந்தது, சீஸ் சாஸும் பளபளவென்று வந்திருந்தது. மூன்றையும் ஆழமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் கொட்டினேன். படம் எடுக்க ஐந்து நிமிடம், ஆளாளுக்குத் தட்டு, தண்ணீர் எடுத்து வைக்க இன்னொரு ஐந்து நிமிடம். உட்கார்ந்து கை வைத்தபோது அது பூரிக்கு வைக்கும் கிழங்கு மசால் பதத்தில் இருந்தது. ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது, கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம்.

லோடட் ஃப்ரைஸில், அதாவது மேலே கறியும் சீஸும் கொட்டிய பொரித்த உருளைக்கிழங்கில், ருசி பெரிய விஷயமே இல்லை. கறி, வெங்காயம், சீஸ் மூன்றும் சேர்ந்தால் ருசிக்காமல் எங்கே போகும்? ஈரம்தான் சிக்கல். உருளைக்கிழங்கின் உள்ளே இருக்கும் நீர், கறி விடும் சாறு, சாஸில் இருக்கும் பால், சூட்டில் எழும் ஆவி என எல்லாம் சேர்ந்து மேல் ஓட்டை நனைக்கின்றன. அதனால் இந்தச் சமையலைத் தட்டிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். கடைசிப் பொரிப்புக்கும் முதல் வாய்க்கும் நடுவே அதிகபட்சம் மூன்று நிமிடம். மற்ற எல்லா வேலையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது

கறியும் சீஸும் கொட்டிய ஃப்ரைஸ் அமெரிக்காவில் ஊருக்கு ஒரு மாதிரி. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் மெக்சிகோ பாணியில் சுட்டு நறுக்கிய மாட்டுக்கறியோடு அவகாடோ மசியலும் புளித்த கிரீமும் சேர்ப்பார்கள். வடக்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் புதிய சீஸ் கட்டிகளும் பழுப்பு நிறக் குழம்பும் ஊற்றுகிற பூட்டின். நான் இங்கே சொல்லப்போவது அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்து வழி.

அந்த ஊரின் பெயர் சொல்லும் சாப்பாடு சீஸ்ஸ்டீக். நீளமான ரொட்டிக்குள் மெல்லிய மாட்டுக்கறிச் சீவல், வதக்கிய வெங்காயம், உருகிய சீஸ். 1930களில் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்த பேட் ஒலிவியரியும் அவர் தம்பி ஹாரியும் கறியை இப்படி ரொட்டிக்குள் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். அப்போது அதில் சீஸ் கிடையாது, அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் கிராஃப்ட் நிறுவனத்தின் சீஸ் விஸ் என்ற புட்டி சாஸ் சந்தைக்கு வந்தபின் பல கடைகள் அதையே ஊற்றத் தொடங்கின. இன்றும் அங்கே வரிசையில் நின்று ‘விஸ் விட்’ என்றால் சீஸ் விஸ், வெங்காயத்தோடு என்று அர்த்தம். பின்னால் ஆள் நிற்கும்போது அதற்கு மேல் பேசினால் முறைப்பார்கள்.

அதே கடைகளில் பக்கத்துணையாக ஃப்ரைஸ் மேல் சீஸ் ஊற்றியும் கொடுப்பார்கள். ரொட்டியை எடுத்துவிட்டு அந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டால் நம் சமையல் வந்துவிட்டது. 

தேவையானவை, நான்கு பேருக்கு

உருளைக்கிழங்கு 1 கிலோ
எலும்பில்லாத மாட்டுக்கறி 400 கிராம்
பெரிய வெங்காயம் 2
செடார் சீஸ் 150 கிராம்
பிராசஸ்டு சீஸ் கியூப் 2 (சுமார் 50 கிராம்)
பால் 250 மி.லி.
வெண்ணெய் 2 மேஜைக்கரண்டி
மைதா 1 மேஜைக்கரண்டி
வினிகர் 2 மேஜைக்கரண்டி
பொரிக்க எண்ணெய் ஒன்றரை லிட்டர்
உப்பு, மிளகு, வினிகரில் ஊறிய பச்சை மிளகாய்

எண்ணெய்க்கு ரீஃபைண்டு சூரியகாந்தி அல்லது தவிட்டு எண்ணெய் சரி. நல்லெண்ணெயும் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் வேண்டாம், அவற்றின் வாசனை சீஸோடு மல்லுக்கு நிற்கும்.

உருளைக்கிழங்கு

முக்கால்வாசி வேலை இங்கேதான். எந்தக் கிழங்கை வாங்குகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும்.

மாவுச்சத்து அதிகமாக, நீர் குறைவாக இருக்கும் கிழங்குதான் மொறுமொறுவென்று வரும். அமெரிக்காவில் ரஸ்ஸட் பர்பேங்க் என்ற நீளமான, பழுப்புத் தோல் கிழங்கைப் பயன்படுத்துவார்கள். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்குப் பொரிப்பதற்கு என்றே பெயர் போட்ட பை கிடைக்கும். தமிழ்நாட்டுக் காய்கறிக் கடையில் அப்படிக் கேட்டு வாங்க முடியாது. தோல் பளபளவென்று, நகம் பட்டாலே உரிகிற புதுக் கிழங்கை விடுங்கள், அது குருமாவுக்கு நல்லது. தோல் தடித்து, கையில் கனமாக, கொஞ்சம் பழைய கிழங்காகப் பொறுக்குங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. பதினோரு கப் தண்ணீருக்கு ஒரு கப் உப்பு என்ற கணக்கில் உப்புத் தண்ணீர் கரைத்து, கிழங்கை அதில் போடுங்கள். மாவு நிறைந்த கிழங்கு அடர்த்தியாக இருப்பதால் முங்கும், நீர்க் கிழங்கு மிதக்கும். ஒரே கடையில் ஒரே கூடையில் வாங்கிய கிழங்கிலேயே பாதி மிதந்து பாதி முங்கியதைப் பார்த்திருக்கிறேன். முங்கியது ஃப்ரைஸுக்கு, மிதந்தது மறுநாள் பொரியலுக்கு.

இன்னொன்று, கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும், லேசாகக் கசக்கும்.

சரி, தோலைச் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நீளமாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். நீளம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. கடைகளில் வரும் மெல்லிய ஃப்ரைஸ் இதற்கு ஆகாது, மேலே கறி விழுந்ததும் துவண்டுவிடும். நறுக்கியதைத் தண்ணீரில் போட்டு, அரிசி களைவது போல இரண்டு மூன்று முறை அலசுங்கள். முதல் தண்ணீர் பால் போல வரும். அந்த வெளி மாவு போகாவிட்டால் துண்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் கருகும்.

அப்புறம் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி உப்பு, இரண்டு மேஜைக்கரண்டி வினிகர் சேர்த்து, துண்டுகளைப் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் எட்டு முதல் பத்து நிமிடம். வெறும் தண்ணீரில் இவ்வளவு நேரம் வெந்தால் கரைந்துவிடும். வினிகரின் புளிப்பு, கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. புளியில் போட்ட கிழங்கு சீக்கிரம் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே சங்கதிதான். உள்ளே வெந்திருக்கும், வெளியே உருக்குலையாது. வினிகர் வாசனை பொரிக்கும்போது போய்விடும்.

வடிகட்டி, வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். ஆவி அடங்கி, மேற்பரப்பு மங்கலாக, லேசாகச் சொரசொரப்பாக ஆகும். அதுதான் பதம்.

முதல் பொரிப்பு 160 டிகிரியில், நான்கு நிமிடம். நிறம் மாறக் கூடாது, வெளியே மெல்லிய ஏடு கட்டினால் போதும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். வடைக்கு மாவுத் துளி போட்டுப் பார்ப்போமே, அப்படி. துண்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் நிதானமாக வந்தால் 160 பக்கம். போட்டதும் சடசடவென்று பொங்கினால் அது இரண்டாம் பொரிப்புக்கான சூடு. ஒரு கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெய் ஆறிப்போய் கிழங்கு எண்ணெய் குடிக்கும். நான்கு ஈடாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததைக் கம்பித் தட்டில் பரப்பி அரை மணி நேரமாவது முழுக்க ஆறவிடுங்கள். காகிதத்தில் குவித்து வைத்தால் அடியில் இருப்பது ஆவியில் வேகும். இன்னும் நன்றாக வர வேண்டுமா, முதல் நாளே இதுவரை முடித்து, ஆறியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நீர் பனித்துகளாக உறைந்து செல்களைக் குத்திக் கிழிக்கும். மறுநாள் பொரிக்கும்போது அந்த நீர் சட்டென்று வெளியேறி, உள்ளே பஞ்சு, வெளியே ஓடு. விருந்தாளி வரும் நாளில் நான் இப்படித்தான் செய்கிறேன், பாதி பாரம் முதல் நாளே இறங்கிவிடுகிறது.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள் உறைந்த ஃப்ரைஸ் பாக்கெட் வாங்கலாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. அதுவும் முதல் பொரிப்பு முடிந்து உறைய வைத்ததுதான். தடித்த வகையாக வாங்கி, உறைந்தபடியே எண்ணெயில் போடுங்கள். வெளியே எடுத்து வைத்து இளகவிட்டால் நீர் விட்டுச் சொதசொதத்துவிடும். ஏர் ஃப்ரையர் இருந்தால், வினிகரில் வேகவைத்து உலர்த்திய கிழங்கில் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் புரட்டி, 200 டிகிரியில் இருபது நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்குங்கள். எண்ணெயில் பொரித்த அளவுக்கு ஓடு நிற்காது. ஆனால் ஒரு சட்டி எண்ணெய் மிச்சம்.

கறி

பிலடெல்ஃபியாவில் ரிப்-ஐ என்கிற விலாப்பகுதிக் கறிதான் வழக்கம். கொழுப்பு இழையோடியிருக்கும், அந்தக் கொழுப்பு உருகித்தான் ருசி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் கறிக்கடையில் அண்டர்கட் என்று கேளுங்கள். முதுகெலும்புக்கு அடியில் ஓடும், அதிகம் உழைக்காத தசை, மிருதுவாக இருக்கும். கொழுப்பு மட்டும் குறைவு, அதை வெண்ணெயால் சரிக்கட்டலாம்.

கேட்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். “பாய், அண்டர்கட் அரை கிலோ” என்றேன் ஒரு நாள். அடுத்து நான் வாய் திறப்பதற்குள் டக் டக் டக். “வறுவலுக்குத்தானே தம்பி, சின்னதாவே போட்டுட்டேன்” என்று சிரித்தார். அன்று வீட்டில் மிளகு வறுவல். இப்போதெல்லாம் கடை வாசலிலேயே “முழுசா குடுங்க பாய், வெட்டிடாதீங்க” என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

முழுத் துண்டை ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வையுங்கள். கல்லாக வேண்டாம், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அந்தப் பதத்தில் கூரான கத்தியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவ முடியும். சீவும்முன் கறியை உற்றுப் பாருங்கள். நூல் நூலாகத் தசைநார் ஒரு பக்கமாக ஓடும். கத்தி அந்த நூலுக்குக் குறுக்கே போக வேண்டும். நூலின் போக்கிலேயே வெட்டினால் ஒவ்வொரு சீவலும் முழு நீள நாராக இருக்கும், பல்லுக்கு வேலை. குறுக்கே வெட்டினால் நார் மூன்று மில்லிமீட்டர்தான். அந்த வேலையைக் கத்தி முன்கூட்டியே செய்துவிடுகிறது.

அண்டர்கட் கிடைக்காமல் தொடைக்கறி மட்டுமே கிடைத்தால், 400 கிராம் சீவலுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசிறி, பதினைந்து நிமிடம் விடுங்கள். சோடாவின் காரத்தன்மை, சூட்டில் புரதம் இறுகிக்கொள்வதைக் குறைக்கும். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் சோப்பு வாடை வரும். பிறகு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கோழித் தொடைக்கறியில் இதைச் செய்யலாம், பிலடெல்ஃபியாவிலேயே சிக்கன் வகையும் உண்டு. ஆட்டுக்கறி இந்தச் சில நிமிடச் சமையலுக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

ஸ்டீக் என்றதும் பாதி பேருக்கு, உள்ளே சிவப்பாக இருக்குமே என்ற தயக்கம் வரும். இதில் அந்தப் பேச்சே இல்லை. சீவல் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் முழுக்க வெந்துவிடும், அப்படியும் மெத்தென்றுதான் இருக்கும்.

அங்கே இதைத் தட்டையான இரும்புக் கல்லில்தான் செய்கிறார்கள். நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது: இரும்பு தோசைக்கல். ஆனால் தினமும் தோசை வார்க்கும் கல்லில் கை வைக்காதீர்கள், மறுநாள் காலை வரும் கேள்விகளுக்கு நான் பொறுப்பில்லை. சப்பாத்திக்கல்லோ கனமான இரும்பு வாணலியோ போதும்.

முதலில் வெங்காயம். மெல்லிய நீள வாக்கில் அரிந்து, அரை மேஜைக்கரண்டி வெண்ணெயில், ஒரு சிட்டிகை உப்போடு, நடுத்தரத் தீயில் பதினைந்து நிமிடம் வதக்குங்கள். ஓரம் பொன்னிறமாகி, பச்சை வாசனை போய், இனிப்பு தட்ட வேண்டும். எடுத்து ஓரமாக வையுங்கள்.

பின் தீயை முழுதாகக் கூட்டி, கல்லில் லேசாகப் புகை வரும்வரை காயவிடுங்கள். அரை மேஜைக்கரண்டி எண்ணெய் தடவி, பாதிக் கறியை மட்டும் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஒரு நிமிடம் தொடக் கூடாது. கிளறிக்கொண்டே இருக்கக் கை துறுதுறுக்கும், கட்டுப்படுத்துங்கள். அடியில் பழுப்பேறுவதுதான் ருசி, ஈரம் வற்றிச் சூடு 140 டிகிரியைத் தாண்டினால்தான் அந்தப் பழுப்பு நன்றாகப் பிடிக்கும். பிறகு புரட்டி, உப்பும் மிளகும் தூவி, தோசைத் திருப்பியின் விளிம்பால் கல்லிலேயே கொத்துங்கள். கொத்துப் பரோட்டா மாஸ்டரை நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும். இன்னும் ஒன்றரை நிமிடம், முடிந்தது. மீதிக் கறிக்கும் இதே போல. கல்லில் தண்ணீர் தேங்கிக் கறி சாம்பல் நிறத்தில் கொதிக்கிறதென்றால் கல் காயவில்லை, அல்லது கறி அதிகம். அதே தீயில் நீரை வற்றவிட்டுத் தப்பிக்கலாம்.

கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது எதுவும் சேர்க்காதீர்கள். நானும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். அதுவும் நல்ல கறிதான், ஆனால் சீஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. காரத்துக்கு மேலே தூவும் மிளகாய் இருக்கிறது.

சீஸ் சாஸ்

நல்ல செடாரைத் தனியாக உருக்கினால் என்ன ஆகும் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் ரப்பர் கட்டி, இன்னொரு பக்கம் எண்ணெய். சீஸில் உள்ள கேசின் புரதங்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. சூடு கூடினால் அந்த வலை சுருங்கி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். 1911இல் சுவிட்சர்லாந்தின் துன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸோடு சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினார்கள். அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, புரதம் தளர்ந்து கொழுப்போடு கலந்து வழவழவென்று நின்றது. பிராசஸ்டு சீஸ் பிறந்தது அப்படித்தான்.

நமக்கு இதில் ஆதாயம் உண்டு. கடையில் கிடைக்கும் அமுல் கியூபின் உறையைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் சிட்ரேட் என்று போட்டிருக்கும். இரண்டு கியூபைச் செடாரோடு சேர்த்தால் அந்த உப்பு மொத்தச் சாஸையும் பிரியாமல் காக்கும். ருசிக்குச் செடார், வழவழப்புக்குக் கியூப். பிராசஸ்டு சீஸை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் ஒருமுறை அது இல்லாமல் செய்து பார்க்கட்டும்.

ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, ஒரு மேஜைக்கரண்டி மைதாவைச் சிறு தீயில் ஒரு நிமிடம் வறுங்கள். பச்சை மாவு வாசனை போனதும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்குங்கள். கொதித்து, கரண்டியின் பின்புறம் படியும் அளவு கெட்டியானதும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் சீஸ், மூன்று கைப்பிடியாக, ஒவ்வொன்றும் கரைந்த பின் அடுத்தது. துருவிய பாக்கெட் சீஸ் வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொடி புரட்டியிருப்பார்கள், சாஸ் நறநறக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். அதிகம் முதிராத செடார்தான் இதற்கு வாகு, பழைய செடார் சட்டென்று பிரியும்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவையே இருக்காது. சாஸ் பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி மூடிவைத்தால் அரை மணி நேரம் இளகலாகவே இருக்கும். கெட்டியானால் இரண்டு கரண்டி சுடுபால்.

கடைசிக் கட்டம்

இப்போது அடுப்படியில் வெங்காயம் தயார், சாஸ் வெந்நீரில், கறி சீவியபடி. தட்டு, மிளகாய், தண்ணீர் எல்லாம் மேஜையில். சாப்பிடுபவர்களை உட்கார வைத்துவிடுங்கள். தட்டு அகலமாக, ஆழமில்லாமல் இருக்கட்டும், பேக்கிங் தட்டு கச்சிதம்.

எண்ணெய் 190 டிகிரிக்கு வரட்டும். ஒரு பக்கம் கறியைக் கல்லில் போடும்போதே மறுபக்கம் கிழங்கின் இரண்டாம் பொரிப்பு, ஒவ்வொரு ஈடும் மூன்று நான்கு நிமிடம். முதலில் எடுத்த ஈடுகள் கம்பித் தட்டில் காத்திருக்கட்டும், நான்காவது வெந்ததும் அவற்றை முப்பது நொடி திரும்ப எண்ணெயில் காட்டினால் போதும். ஒற்றை அடுப்பு என்றால் கறியை முதலில் முடித்துவிடுங்கள். ஆறிய கறியைக் கல்லில் ஒரு நிமிடத்தில் சூடாக்கலாம், நமுத்த கிழங்கை மீட்க முடியாது. வெந்ததா என்று காதால் கண்டுபிடிக்கலாம். எண்ணெயின் இரைச்சல் குறையும், ஜல்லிக்கரண்டியில் குலுக்கினால் வற்றல் போலக் கலகலக்கும். வடித்த உடனே உப்பு தூவுங்கள், ஆறினால் உப்பு ஒட்டாது.

கறியோடு வெங்காயத்தைக் கலந்து ஒரு புரட்டு. தட்டில் கிழங்கைப் பரப்பி, கல்லிலிருந்து கறியை அரித்தெடுத்துப் போடுங்கள், சாறு கல்லிலேயே நிற்கட்டும். சாஸ் அதற்கு மேல். கிழங்கின்மேல் நேராக ஊற்றாமல் கறியின்மேல் ஊற்றினால், கறியே குடை மாதிரி நின்று கிழங்கைக் காக்கும். எல்லாச் சாஸையும் கொட்டிவிடாமல் பாதியைக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளட்டும். ஓரத்தில் சில கிழங்குகள் எதுவும் படாமல் வெறுமனே இருப்பது அழகும் கூட. மேலே வினிகர் மிளகாயைப் பிழிந்து தூவுங்கள். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். காலையில் கல்லில் பரப்பி, அடி முறுகும்வரை விட்டு, மேலே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி, புட்டியில் மூடி இருட்டில் வைத்தால் இன்னொரு முறை ஃப்ரைஸுக்கு ஆகும். அப்பளத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.